நவீன ஓவியம் புரியவில்லையா? அம்ரிதா ஷெர்கிலிலிருந்து தொடங்கலாம்

நவீன ஓவியம் ஒன்றின் முன் முதல்முறையாக நிற்பவருக்குச் சில சந்தேகங்கள் வரும். இந்தக் கை ஏன் இவ்வளவு நீளம்? முகத்தில் ஏன் விவரமே இல்லை? பின்னால் வீடு, மரம், வானம் எதுவும் ஏன் தெரியவில்லை? கடைசியாக, வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் சந்தேகம்: இவருக்கு உண்மையிலேயே வரையத் தெரியுமா?

நியாயமான சந்தேகங்கள்தான் இவை. "கலையை விளக்கக் கூடாது, உணர வேண்டும்" என்று சொல்லி இவற்றைத் தட்டிக்கழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நேரடியான பதில் வேண்டுமென்றால், அச்சு அசலாக வரையத் தெரிந்திருந்தும், அதற்காகப் பாரிஸில் தங்கப் பதக்கம் பெற்றிருந்தும், அந்தத் திறமையைத் தெரிந்தே ஒதுக்கிவைத்த ஒருவரின் படங்களை ஆண்டு வரிசையில் பார்க்க வேண்டும். அம்ரிதா ஷெர்கில் அப்படிப்பட்ட ஓவியர். 1932இல் வரைந்த படத்துக்கும் 1940இல் வரைந்த படத்துக்கும் இடையே அவர் ஒவ்வொன்றாக எதைக் கழித்தார், எதைச் சேர்த்தார் என்று பார்த்துக்கொண்டே வந்தால் நவீனத்துவம் என்ற பெரிய சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பது ஓரளவு பிடிபட்டுவிடும்.

முதலில் அவர் ஒதுக்கிவைத்தது எது என்று பார்ப்போம்.

ஐரோப்பியக் கலைப் பள்ளிகளில் பல தலைமுறைகளாக ஒரு முறை கற்பிக்கப்பட்டது. கித்தான், அதாவது ஓவியம் தீட்டும் துணி, ஒரு சாளரம். அதன் வழியாக ஓர் அறையையோ வெளியையோ பார்க்கிறோம் என்று எண்ணிக்கொள்ள வேண்டும். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரும். அது படும் இடம் வெளுப்பாக இருக்கும், படாத இடம் மெல்ல மெல்ல இருளும். இந்த ஏற்ற இறக்கத்தால்தான் கன்னம் உருண்டையாகவும் தோள் திரண்டும் தெரிகின்றன. அருகில் இருப்பது பெரியது, தள்ளி இருப்பது சிறியது. எலும்பும் தசையும் எங்கே இருக்கின்றன என்பதை மாடலை உட்காரவைத்து மாதக்கணக்கில் பழக வேண்டும். இந்தக் கல்வி முழுவதும் ஒரே நோக்கம் கொண்டது: பார்ப்பவர், தான் பார்ப்பது வண்ணம் பூசிய துணி என்பதை மறக்க வேண்டும்.

1839இல் புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அச்சு அசலாகப் பதிவுசெய்யும் வேலையை ஒரு கருவி எடுத்துக்கொண்டபோது, ஓவியர்களுக்கு வேறு கேள்விகள் எழுந்தன. நவீனத்துவம் பிறந்ததற்கு அது ஒன்று மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் முக்கியமான காரணம். பிரெஞ்சு ஓவியர் செசான் ஒரு ஆப்பிளை வரைந்தபோது அதன் பளபளப்பைவிட அதன் கனத்தையும் கட்டமைப்பையும் தேடினார். இன்னொரு பிரெஞ்சு ஓவியர் பால் கொகான் பசிபிக் கடலின் தஹிதித் தீவுக்குப் போய், நிழலே இல்லாத பரந்த வண்ணப் பரப்புகளால் படத்தைக் கட்டினார். மண் சிவப்பாக இருக்க வேண்டும் என்று படம் கேட்டால் அவர் சிவப்பைப் போட்டார். உண்மையில் மண் என்ன நிறம் என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். கித்தான் ஒரு தட்டையான பரப்பு, அதன் மேல் வண்ணமும் கோடும் வடிவமும் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன என்ற உண்மையை மறைக்காமல் வரைவதுதான் இவர்களுக்குப் பொதுவானது. நவீனத்துவத்துக்கு நூறு விளக்கங்கள் உண்டு. தொடங்குபவருக்கு இது ஒன்று போதும்.

அம்ரிதாவின் வீட்டிலேயே ஒரு கேமரா இருந்தது. தந்தை உம்ராவ் சிங் ஷெர்கில் மஜீதியா, பஞ்சாபின் செல்வாக்குள்ள சீக்கியக் குடும்பத்தைச் சேர்ந்தவர்; சமஸ்கிருதமும் பாரசீகமும் கற்ற அறிஞர்; வாழ்நாள் முழுவதும் தன்னையும் குடும்பத்தையும் புகைப்படம் எடுத்துக்கொண்டே இருந்தவர். தாய் மேரி அந்துவானெத், ஹங்கேரியைச் சேர்ந்த ஓபரா பாடகி. மகாராஜா ரஞ்சித் சிங்கின் பேத்தியான இளவரசி பம்பாவுடன் லாகூருக்கு வந்திருந்தபோது உம்ராவ் சிங்கைச் சந்தித்து மணந்தார். 1913 ஜனவரி 30 அன்று புடாபெஸ்டில் அம்ரிதா பிறந்தார். அடுத்த ஆண்டு தங்கை இந்திரா பிறந்தார். முதல் உலகப்போர் காரணமாகக் குடும்பம் ஹங்கேரியிலேயே தங்க நேர்ந்தது. 1921இல்தான் அவர்கள் இந்தியாவுக்கு வந்து சிம்லாவில் குடியேறினார்கள்.

சிறுமி அம்ரிதா எதற்கும் எளிதில் அடங்கவில்லை. சிம்லாவில் கிறித்தவ மடத்துப் பள்ளியிலிருந்து, கடவுள் நம்பிக்கை இல்லை என்று சொன்னதற்காக வெளியேற்றப்பட்டார். தாய்மாமன் எர்வின் பக்தாய் ஓவியப் பயிற்சி பெற்றவர், பிற்காலத்தில் இந்தியவியல் அறிஞராக அறியப்பட்டவர். அவர் சிம்லாவுக்கு வந்தபோது, கற்பனையில் வரைவதை நிறுத்திவிட்டு எதிரே இருக்கும் மனிதரைப் பார்த்து வரை என்று மருமகளுக்கு அறிவுறுத்தினார். வீட்டு வேலையாட்களும் அக்கம்பக்கத்தவரும் மாடல்களாக உட்கார்ந்தார்கள். எதிரே இருப்பவரை உற்றுப் பார்க்கும் பழக்கம் அம்ரிதாவிடம் கடைசிவரை நீடித்தது.

1929இல், 16 வயதில், குடும்பத்தோடு பாரிஸ் போனார். முதலில் கிராண்ட் ஷோமியேர் என்ற பயிற்சிக்கூடம். பிறகு புகழ்பெற்ற எகோல் தெ போஸார் கலைப் பள்ளியில் லூசியேன் சிமோன் என்ற ஆசிரியரிடம் சில ஆண்டுகள். இங்கே ஒரு தகவலை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அந்தப் பள்ளி பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது 1897இல்தான். மனித உடலை மாடல் வைத்துப் பயிலாமல் பெரிய ஓவியராக முடியாது என்று சொன்ன அதே உலகம், அந்தப் பயிற்சியைப் பெண்களுக்கு மறுத்துவந்தது. அம்ரிதாவுக்கு முந்தைய தலைமுறைப் பெண்கள் அந்தக் கதவைத் தட்டித் திறந்து வைத்திருந்தார்கள். அவர் உள்ளே போனார்.

அங்கே கற்றதன் உச்சம் 1932இல் வரைந்த 'இளம் பெண்கள்'. ஓர் அறையில் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி தங்கை இந்திரா. முழு உடையில், நிமிர்ந்து, நாகரிகமாக. இன்னொருத்தி பிரெஞ்சுத் தோழி. மேலாடை நழுவிய நிலையில், பொன்னிறக் கூந்தல் முகத்தை மறைத்துக்கொண்டு தொங்க. தோலின் மேல் வெளிச்சம் எப்படி விழுகிறது, துணி எப்படி மடிகிறது, நாற்காலி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதெல்லாம் துல்லியம். 1933இல் இந்தப் படத்துக்கு கிராண்ட் சலோன் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. அந்த அமைப்பின் இணை உறுப்பினராகவும் அவர் தேர்வானார். அப்போது வயது 20.

"வரையத் தெரியுமா?" என்ற கேள்விக்கு இந்தப் படமே பதில். நன்றாகவே தெரியும். ஆனாலும் இதில் எனக்கு ஒரு குறை படுகிறது. இது பாரிஸில் அன்று நன்றாக வரைந்த வேறு சிலரும் வரைந்திருக்கக்கூடிய படம். ஒரே ஒரு இடத்தில்தான் பின்னால் வரப்போகும் அம்ரிதா தெரிகிறார்: ஓர் அறைக்குள் இரண்டு பெண்கள், இருவருக்கும் இடையே பேச்சே இல்லை.

அந்தக் காலத்துப் படங்களில் பழகிப் பார்க்க வேண்டிய இன்னொன்று 1934இல் வரைந்த 'தஹிதிப் பெண்ணாகத் தன்னுருவம்'. கொகான் தஹிதிப் பெண்களை வரைந்தார். ஐரோப்பிய ஆணின் கண்ணுக்கு அவர்கள் தொலைதூரத்து அழகு. பாரிஸில் தன்னையும் பலர் அப்படித்தான் பார்க்கிறார்கள் என்பது அம்ரிதாவுக்குத் தெரிந்திருந்தது. கொகானின் பெண்கள் நின்ற இடத்தில் தன் உடலையே மேலாடையின்றி நிறுத்தினார். பின்னால் சுவரில் ஓர் ஆணின் நிழல் விழுந்திருக்கிறது. அம்ரிதா நம்மைப் பார்க்கவில்லை, அந்த நிழலையும் பார்க்கவில்லை. படத்துக்கு வெளியே எங்கோ பார்க்கிறார், இறுகிய முகத்தோடு. பார்க்கப்படுபவளே தூரிகையைக் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தப் படத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அவருடைய வண்ணங்களின் செழுமையைப் பார்த்து, மேற்கின் சாம்பல் நிறக் கூடங்கள் உனக்கானவை அல்ல, கிழக்கின் ஒளியில்தான் நீ மலர்வாய் என்று ஆசிரியர் சிமோன் சொன்னதாக அம்ரிதாவே பின்னர் எழுதினார். ஓவியராகத் தன் விதி இந்தியாவில்தான் இருக்கிறது என்ற ஏக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1934 இறுதியில் திரும்பினார்.

திரும்பிய சில மாதங்களிலேயே அவருடைய கித்தானில் வெளிச்சம் மாறிவிட்டது. 1935இல் வரைந்த 'மூன்று பெண்கள்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் எளிதாகக் கிடைக்கும்; திறந்து வைத்துக்கொண்டே படியுங்கள். மூன்று இளம் பெண்கள் நெருங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். உடைகளில் சிவப்பும் பச்சையும் தகதகக்கின்றன. பின்னணியில் வீடில்லை, சாளரமில்லை, பாத்திரமில்லை. எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டால் படம் பதில் சொல்லாது.

இப்போது 'இளம் பெண்கள்' படத்தை அருகில் வைத்துப் பாருங்கள். தோலில் இருந்த அந்த நுட்பமான ஒளி-நிழல் விளையாட்டு பெருமளவு போய்விட்டது. முகம் ஒரு சில வண்ணத் தளங்களாகச் சுருங்கியிருக்கிறது. உடை என்பது மடிப்பு மடிப்பாக விழும் துணியாகத் தெரியாமல், ஒரு வண்ணப் பரப்பாக, தெளிவான விளிம்போடு நிற்கிறது. அறையின் ஆழம் இல்லை. மூவரும் படத்தின் பரப்புக்கு மிக அருகில் இருக்கிறார்கள். இவை ஒவ்வொன்றும் ஒரு கழித்தல். கழித்தபின் எது மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி. தாழ்ந்த கண்கள் மிஞ்சுகின்றன. மூவரில் ஒருவர்கூட மற்றவரைப் பார்க்கவில்லை. ஏதோ ஒன்று அவர்களுக்காக முடிவுசெய்யப்பட்டுவிட்டது, அது வருவதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற எண்ணம் நமக்கு வருகிறது. திருமணமா, வேறு எதுவுமா என்று ஓவியர் சொல்லவில்லை. பின்னணியில் ஒரு பந்தலையோ வெற்றிலைத் தட்டையோ வரைந்திருந்தால் படம் ஒரு கதையாகி, அந்தக் கதையோடு முடிந்திருக்கும்.

நவீன ஓவியத்தில் விவரம் குறைவாக இருப்பதற்குக் காரணம் இங்கே கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. விவரங்கள் போனதால் மூன்று உடல்களின் சாய்வும் வண்ணங்களின் அழுத்தமும் மட்டுமே பேசுகின்றன. இந்தப் படத்துக்கு 1937இல் பம்பாய் ஆர்ட் சொசைட்டியின் தங்கப் பதக்கம் கிடைத்தது.

அதே 1935இல் சிம்லாவின் மலைவாழ் மக்களைப் பார்த்து 'மலை ஆண்கள்', 'மலைப் பெண்கள்' ஆகிய படங்களை வரைந்தார். நீண்டு, மெலிந்து, போர்வைக்குள் ஒடுங்கி நிற்கும் மனிதர்கள். இந்த உடல்களின் நீளம் பிழையல்ல என்பதை இப்போது தனியே சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இந்தியாவில் அன்று ஓவியம் இருந்த நிலையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருபுறம், ஆங்கிலேயர் நடத்திய கலைப் பள்ளிகளின் யதார்த்த பாணி. அழகான நிலக்காட்சிகள், பெரிய மனிதர்களின் உருவப்படங்கள். மறுபுறம், அபனீந்திரநாத் தாகூர் தொடங்கிவைத்த வங்காளப் பாணி. மெல்லிய நீர்வண்ணப் பூச்சில், பனிமூட்டம் போர்த்திய புராணக் காட்சிகள். காலனி ஆட்சியின் ரசனைக்கு எதிராக எழுந்த இயக்கம் என்ற வகையில் வங்காளப் பாணிக்கு வரலாற்றில் பெரிய இடம் உண்டு. ஆனால் அம்ரிதாவுக்கு அது பழமையின் ஏக்கத்தில் தேங்கிப்போனதாகப் பட்டது, கடுமையாகவே எழுதினார். அந்தக் கடுமையில் இளமையின் அவசரம் இருக்கிறது. நந்தலால் போஸ் போன்றவர்கள் அந்தப் பாணிக்குள்ளிருந்தே வெகுதூரம் நடந்திருந்தார்கள். இருந்தாலும் அவர் கேட்ட கேள்வி சரியானது: அஜந்தாவின் கதைகளை மறுபடி வரைவது ஒன்று, அஜந்தாவை வரைந்தவர்கள் எப்படி யோசித்தார்கள் என்று கற்பது வேறு.

விருதுகளைப் பற்றியும் அவருக்குத் தெளிவான நிலைப்பாடு இருந்தது. 1935இல் சிம்லா நுண்கலைச் சங்கத்தின் கண்காட்சிக்குப் படங்களை அனுப்பினார். அவற்றில் சிலவற்றைத் திருப்பி அனுப்பிய சங்கம், ஏற்றுக்கொண்ட ஒன்றுக்குப் பரிசு அறிவித்தது. அந்தப் பரிசை அவர் வாங்க மறுத்துவிட்டார். சங்கம் விரும்பிய வகைப் படங்களை வரைபவருக்கு அந்தப் பரிசு போகட்டும் என்பது அவருடைய வாதம். 22 வயதுப் பெண், சிம்லாவின் ஆங்கிலேய ரசனை வட்டத்துக்கு எதிரே நின்று இதைச் செய்தார்.

1936இல் பம்பாயில் கார்ல் கண்டாலவாலா என்ற கலை விமர்சகரின் அறிமுகம் கிடைத்தது. முகலாயச் சிற்றோவியங்களையும் இமயமலைச் சாரலின் பஹாடிச் சிற்றோவியங்களையும் அவர் அம்ரிதாவுக்குக் காட்டினார்; பிறகு இருவரும் தொடர்ந்து கடிதம் எழுதிக்கொண்டார்கள். அங்கிருந்து தெற்கே ஒரு நீண்ட பயணம் தொடங்கியது. எல்லோரா, அஜந்தா, ஹைதராபாத், திருவனந்தபுரம், கன்னியாகுமரி, கொச்சி.

என்னைக் கேட்டால் அவருடைய வாழ்வின் மையமே இந்தப் பயணம்தான். இந்தியாவுக்குத் திரும்பியபின் முதல்முறையாக இன்னொருவரின் படைப்பிலிருந்து எதையாவது கற்றிருக்கிறேன் என்ற பொருளில் அஜந்தாவைப் பற்றி எழுதினார். இவ்வளவு கர்வமுள்ள ஒருவரிடமிருந்து வந்த இந்த ஒப்புதலுக்கு எடை அதிகம். அஜந்தாவின் சுவர்களில் உடல்கள் ஒன்றோடொன்று பின்னி நிற்கும். மாநிறமும் கருமையும் வெளுப்பும் அடுத்தடுத்து வரும். விரல்கள் எலும்பில்லாதவை போல வளையும். ஒரே வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து விழும் என்ற ஐரோப்பிய விதி அங்கே கிடையாது. பாரிஸில் செசானும் கொகானும் பெரும் போராட்டத்துக்குப் பின் எட்டிய சில முடிவுகளை அந்தப் பௌத்த ஓவியர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இயல்பாகக் கையாண்டிருந்தார்கள். கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனையின் சுவரோவியங்களைப் பார்த்துப் பரவசத்தோடு கடிதம் எழுதினார். அங்கேயே உட்கார்ந்து அவற்றைப் பார்த்து வரைந்து பழகினார். பார்க்க ஆளில்லாமல் கிடந்த சுவர்களிடம் பாரிஸில் பதக்கம் வாங்கியவர் மாணவியாக உட்கார்ந்தார்.

சிம்லாவுக்குத் திரும்பி, 1937இல் மூன்று பெரிய படங்களை வரைந்தார். 'மணமகளின் அலங்காரம்', 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்'. தென்னிந்திய முப்படம் என்று இவற்றைச் சேர்த்தே சொல்வார்கள். நம் பக்கத்து மனிதர்களை நவீன ஓவியம் இவ்வளவு தீவிரமாகப் பார்த்த முதல் சந்தர்ப்பங்களில் ஒன்று என்பதால், தமிழ் வாசகர்கள் இவற்றை அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

'பிரம்மச்சாரிகள்' படத்தில் ஐந்து இளைஞர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். இடுப்பில் வெள்ளை வேட்டி; மேலே வெற்றுடம்பு. பின்னணி ஆழ்ந்த செம்பழுப்பு. ஒருவர் வெளுப்பு, மற்றவர்கள் வெவ்வேறு அளவில் கருப்பு. முதலில் வேட்டிகளை மட்டும் பாருங்கள். வெள்ளை என்று நாம் சொல்லிவிடுவது எத்தனை விதமான வெள்ளை! ஒன்றில் மஞ்சள் ஏறியிருக்கிறது, இன்னொன்றில் நீலம், மற்றொன்றில் சாம்பல். அந்த வெள்ளைகள் படத்தின் கீழ்ப்பகுதியில் இடமிருந்து வலமாக நடந்து போகின்றன. அதன் பிறகு உடல்களைப் பாருங்கள். ஒவ்வொன்றும் தனியே மெல்லிய உருவம், ஆனால் ஐந்தும் சேர்ந்து ஒரு சுவரோவியத்தின் பகுதி போல ஒரே கட்டாக நிற்கின்றன. இவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், ஒன்றும் செய்யவில்லை. உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

'மணமகளின் அலங்கார'த்தில் நடுவே மணமகள் உட்கார்ந்திருக்க, சுற்றிலும் உள்ளவர்கள் அவளை ஒப்பனை செய்கிறார்கள். கல்யாண வீட்டுக் கலகலப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். எல்லா முகங்களிலும் ஒரு கனம். மணமகளின் வெளுத்த உடலைச் சுற்றிக் கருத்த உடல்கள். நிறத்தின் மேல் நம் சமூகம் வைத்திருக்கும் விலையையும் அந்த வேறுபாடு நினைவூட்டுகிறது. ஓவியர் அப்படி நினைத்தே வரைந்தாரா என்பதைவிட, அஜந்தாவில் கற்ற நிற வேறுபாட்டை அவர் படத்தின் முதுகெலும்பாக ஆக்கிக்கொண்டார் என்பது உறுதி.

இந்த இடத்தில் ஒரு விமர்சனத்தைச் சொல்லாமல் போக முடியாது. இந்தியர்களை, குறிப்பாக ஏழை இந்தியர்களை, அவர்களுடைய எல்லையற்ற பொறுமையோடும் பணிவோடும் வரைவதுதான் தன் பணி என்று அம்ரிதா எழுதினார். அப்படி எழுதியவர் நிலமும் சர்க்கரை ஆலையும் கொண்ட குடும்பத்தின் மகள். பொறுமையும் பணிவும் ஏழைகளின் இயல்பு என்று மாளிகையிலிருந்து பார்த்தால்தான் தோன்றும். கிட்டே போனால் கோபமும் சிரிப்பும் சண்டையும் தெரிந்திருக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. 1935இன் 'பாரத மாதா' போன்ற தொடக்கப் படங்களில் சோகம் சற்று மிகையாகவே பூசப்பட்டிருக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் 1937க்குப் பிறகு அவர் இரக்கத்தை வரையவில்லை. மனிதர்கள் வேலை செய்வதை, ஓய்வெடுப்பதை, காத்திருப்பதை வரைந்தார். அந்த மாற்றத்துக்குச் சிற்றோவியங்கள் பெரிதும் உதவின.

1938இல் ஹங்கேரிக்குச் சென்று, தன் உறவினரும் மருத்துவருமான விக்டர் எகானை மணந்தார். ஓராண்டு அங்கே இருந்துவிட்டு, போர் மூளும் வேளையில் இருவரும் இந்தியா வந்தார்கள். கோரக்பூர் அருகே சராயா என்ற ஊரில் குடும்பத்தாரின் சர்க்கரை ஆலைப் பண்ணையில் குடியிருந்தார்கள். அங்கே கலை பற்றிப் பேச ஆளில்லை, கண்காட்சி இல்லை, படங்களை வாங்குவோர் இல்லை. கடிதங்களில் அவருடைய சலிப்பு தெரிகிறது. ஆனால் என் கணிப்பில் அவருடைய மிக நல்ல படங்கள் அங்கேதான் பிறந்தன.

1940இன் 'மஞ்சள் அரைப்பவர்கள்' படத்தில் மரங்களின் கீழே பெண்கள் தரையில் உட்கார்ந்து மஞ்சள் அரைக்கிறார்கள். மரத்தண்டுகள் படத்தைக் குறுக்கே பிரிக்கின்றன. தரை பின்னால் சரிந்து போகாமல் நிமிர்ந்து எழுந்து நிற்பது போல இருக்கிறது. பஹாடிச் சிற்றோவியங்களில் தரை அப்படித்தான் இருக்கும். உள்ளங்கை அளவுத் தாளில் செய்த அந்த உத்தியை எண்ணெய் வண்ணத்தின் கனத்தோடு, பெரிய கித்தானுக்குக் கொண்டுவந்தார். சிற்றோவியத்தை நகலெடுத்தால் அது அலங்காரமாக முடிந்திருக்கும். செசானைப் படித்த கண்ணோடு சிற்றோவியத்தைப் பார்த்ததால், அதன் இட அமைப்பு எப்படி இயங்குகிறது என்று அவருக்குப் புரிந்தது. இந்திய மரபும் ஐரோப்பிய நவீனமும் கலந்தார் என்று பாடப்புத்தகங்கள் ஒற்றை வரியில் சொல்வதன் நடைமுறைப் பொருள் இதுதான்.

அதே ஆண்டின் 'கட்டிலில் ஓய்வெடுக்கும் பெண்' இன்னும் ஒரு படி மேலே. சிவப்பு உடை அணிந்த பெண் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறாள். ஒரு முழங்கால் மடங்கியிருக்கிறது. அருகே விசிறியோடு இன்னொருத்தி. கட்டில் கால்களும் சிவப்பு. வெக்கை, சோம்பல், உடலுக்குள் அடங்கிக்கிடக்கும் ஏதோ ஒரு தவிப்பு எல்லாமே அந்தச் சிவப்புகளின் வழியாக வருகின்றன. முகத்தில் பாவனை எதுவும் இல்லை. 1935இல் மூன்று பெண்களின் தாழ்ந்த கண்கள் செய்த வேலையை இங்கே ஒரு வண்ணம் செய்கிறது. 'இளம் பெண்கள்' படத்திலிருந்து இதற்கு எட்டு ஆண்டுகள்.

1941 செப்டம்பரில் கணவரோடு லாகூருக்குக் குடிபெயர்ந்தார். எழுத்தாளர்களும் கலைஞர்களும் நிறைந்த நகரம். டிசம்பரில் அவருடைய தனிக் கண்காட்சிக்கு ஏற்பாடாகியிருந்தது. அதற்குச் சில நாட்கள் முன் திடீரென நோய்வாய்ப்பட்டு, டிசம்பர் 5 இரவில் இறந்தார். வயது 28. கண்காட்சி அவரில்லாமல் நடந்தது.

இந்த இளவயது மரணமும், அவருடைய காதல்களும், அழகும், கடிதங்களின் வெளிப்படைத்தன்மையும் சேர்ந்து அவரைப் பற்றி ஏராளமான கதைகளை உருவாக்கிவிட்டன. ஓர் ஆண் ஓவியரை அறிமுகப்படுத்தும்போது அவருடைய காதலிகளின் பட்டியலிலிருந்து யாரும் தொடங்குவதில்லை. அம்ரிதாவைப் பற்றிய கட்டுரைகள் பலவும் அங்கிருந்தே தொடங்குவது எனக்கு எரிச்சலூட்டுகிறது. ஐரோப்பா பிக்காசோ, மத்தீஸ், பிராக் போன்றவர்களுக்குச் சொந்தம், இந்தியா எனக்கு மட்டுமே சொந்தம் என்று 25 வயதில் கடிதத்தில் எழுதியவர் அவர். அந்த வாக்கியத்தின் ஆணவத்தைப் பேசுகிறவர்கள், அதை எழுதியபோது அவர் தென்னிந்திய முப்படத்தை முடித்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வாழ்ந்த காலத்தில் அவருடைய படங்கள் அதிகம் விற்கவில்லை. பின்னாளில் நிலைமை தலைகீழானது. இந்திய அரசு தேசியக் கலைச் செல்வங்களாக அறிவித்த ஒன்பது ஓவியர்களில் அவரும் ஒருவர். ஒன்பது பேரில் ஒரே பெண். ரவி வர்மா, ஜாமினி ராய், ரவீந்திரநாத் தாகூர் போன்றோர் மற்றவர்கள். இந்த அறிவிப்பின்படி இந்தியாவில் உள்ள அவர்களுடைய படங்களை விற்பதற்காக நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது. 1937இன் 'கதைசொல்லி' 2023 செப்டம்பரில் நடந்த ஏலத்தில் 61.8 கோடி ரூபாய்க்குப் போனது. இந்திய ஓவியம் ஒன்றுக்கு ஏலத்தில் அதுவரை கிடைத்த உச்ச விலை அது.

டெல்லிக்குப் போகிறவர்கள் ஜெய்ப்பூர் ஹவுஸில் உள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்துக்கு அரைநாள் ஒதுக்குங்கள். அவருடைய படங்களின் மிகப் பெரிய தொகுப்பு அங்கேதான் இருக்கிறது. எல்லாப் படங்களும் எப்போதும் சுவரில் இருக்காது, சுற்றுமுறையில் மாற்றுவார்கள். பாரிஸ் காலத்துப் படம் ஒன்று, 1935இன் படம் ஒன்று, 1937இன் படம் ஒன்று, சராயாவில் வரைந்தது ஒன்று என்று நான்கை மட்டும் தேர்ந்துகொண்டு, இந்த ஆண்டு வரிசையிலேயே பாருங்கள். தலைப்பு அட்டையை முதலில் படிக்காதீர்கள். ஒளி எங்கிருந்து வருகிறது என்று முதல் படத்தில் தேடுங்கள்; அதே கேள்வியை மற்ற மூன்றிலும் கேளுங்கள். நேரமிருந்தால் அதே கட்டடத்தில் ஜாமினி ராயின் படங்களையும் தேடிப் பாருங்கள். வங்கத்தின் கிராமியப் பட ஓவியங்களிலிருந்து தொடங்கிய அவர், பாரிஸ் பக்கமே போகாமல் வேறொரு வழியாகத் தட்டையான பரப்புக்கும் குறைந்த கோட்டுக்கும் வந்து சேர்ந்தார்.